பத்தொன்பதாம் அத்தியாயத்துக்கு வந்த கருத்துகள்

உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் தெரிந்திருக்க மாட்டேன், இந்த நீலச் சுவரோடு சுவராக ஒரு கலங்கலாகத்தான் தெரிந்திருப்பேன், ஒரு வருஷமாகவே அம்மாவுக்கு எல்லாரும் அப்படித்தான், குரல் வந்த பிறகுதான் ஆள். வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள், ஆபரேஷன் எந்தக் கண் என்று மறந்துவிடாமல் இருக்க. அதே பிளாஸ்திரியோடு ஒரு வரிசை ஆட்கள், பச்சை அங்கி, தலையில் பச்சைத் தொப்பி, எல்லாருமே ஒரே வயதாகிவிட்டது போல. கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் தந்துவிட்டு, "பைய கீழ வைக்காதட்டி, மடியிலயே வச்சிக்க" என்றாள். மடியில்தான் வைத்திருக்கிறேன். துணிப்பை, அதற்குள் கண்ணாடிக் கூடு, கைக்குட்டை, பாக்கெட் பைபிள், அம்மாவின் போன், ஒரு சீப்பு. இருபது நிமிஷம்தான் ஆபரேஷன், ஆனால் சொட்டு மருந்து விட்டுக் கண் விரிய ஒரு மணி நேரம் ஆகும், வரிசை இருக்கிறது, பன்னிரண்டு ஆகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். இப்போது பத்து இருபது. ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதற்குத்தான் பயமாக இருக்கிறது. சும்மா இருந்தால் கை தானாகப் போனை எடுக்கும், எடுத்தால் விரல் அங்கேதான் போகும், மூன்று வாரமாக அங்கேதான் போகிறது.

எடுத்துவிட்டேன். பெரிய குற்றமா, எழுதுகிறவள் தன் கதைக்கு வந்த கருத்தைப் படிப்பது? மின்வாரிய அலுவலகத்தில் பகலெல்லாம் அடுத்தவர்களின் புகார் மனுவைப் படிக்கிறேன், எனக்கென்று வருவதைப் படிக்கக் கூடாதா. அலுவலகத்தில் நான் பியூலா மேடம். இந்தக் கதைச் செயலிக்குள் நீலாம்பல். நீலாம்பலுக்குப் பதினோராயிரம் வாசகர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள், என்னை அக்கா என்கிறார்கள், முப்பத்தேழு வயது என்று தெரிந்தால் ஆன்ட்டி என்பார்கள். 'பனிவாசல்' என்று என் கதைக்குப் பெயர். மூச்சைத் திருடும் ஒரு பனி, அந்தப் பனிக்குள் ஒரு நாடு, அதன் இளவரசன் கார்வண்ணன், முதுகில் கறுப்புச் சிறகு, பார்த்தால் பயம், பேசினால் தேன். இந்தப் பக்கம் மனுஷ நாட்டில் நித்திலா, பதினைந்து வயதில் கதை தொடங்குகிறது, பதினெட்டில் முடியும். கூடவே வளர்ந்த சேயோன் என்று ஒரு நல்லவன், நல்லவன் என்பதாலேயே தோற்கப்போகிறவன். "கார்வண்ணன் மாதிரி ஒருத்தன் வந்து நின்னா நான் பிளஸ் டூ பரீட்சையே எழுத மாட்டேன்கா." இது ஒருத்தி. "சேயோனை அழ வைக்கிற உங்களுக்குச் சோறு எப்படி இறங்குது?" இது இன்னொருத்தி. "சிறகு இருக்கிறவன் எதுக்குக் குதிரையில போறான்?" இதற்கு ஒரு சிரிக்கிற பொம்மை போட்டேன். எல்லாருக்கும் இதயம் போடுவேன், சிவப்பு இதயம், ஒருவரையும் விடாமல். பத்தொன்பதாம் அத்தியாயம் வரைக்கும்.

பத்தொன்பதில்தான் நித்திலாவின் அக்கா பொன்னிலா பனிக்குள் மாட்டிக்கொள்கிறாள். கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கையைக் கூப்பிடுகிறாள். மூன்று தடவை. நித்திலா காதில் விழுகிறது. ஆனால் எதிரில் கார்வண்ணன், முதல் முறையாக அவள் கையைப் பிடித்திருக்கிறான், இன்னும் ஒரு நிமிஷம் என்று நிற்கிறாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம். எழுதி முடித்த அன்று காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது, இனிமேல் அது கதையில் இருக்கும், என்னிடம் இருக்காது என்று நினைத்தேன். பைத்தியம். ராத்திரிக்குள் இருநூறு கருத்து. "அக்கா சாகிற இடம் இழுவை, தள்ளிட்டுப் படிச்சேன், கையைப் பிடிக்கிற சீன் செம்ம." தள்ளிவிட்டுப் படித்தாளாம். அப்படித் தள்ள முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "நித்திலாவை இன்னையோட வெறுத்துட்டேன். காதுல விழுந்தும் போகல. இனி அவ யாரை லவ் பண்ணா எனக்கென்ன?" அதற்குக் கீழே ஒரு குட்டி வக்கீல், "பாவம்பா, பதினஞ்சு வயசு, அதுக்கு என்ன தெரியும்." அதற்கும் கீழே, "எனக்கும் பதினஞ்சுதான். நான் போயிருப்பேன்." இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன். நான் போயிருப்பேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், எங்கோ ஒரு ஊரில் யூனிஃபார்மோடு கட்டிலில் படுத்துக்கொண்டு. எனக்கு அப்போது பதிமூன்று. கதையில் இரண்டு வயது கூட்டிப் போட்டேன், காதலுக்கு வேண்டும் என்பதற்காக. குறைத்துப் போட்டிருந்தால் மன்னித்திருப்பார்களோ.

ஆனால் அதெல்லாம் பரவாயில்லை, வெறுக்கட்டும், நித்திலாவைத்தானே வெறுக்கிறார்கள். மறுநாள் வந்த ஒன்றுதான். படம் கிடையாது, பெயர் கிடையாது, செயலி தானாகப் போட்ட பெயர், வாசகர் 40716. புள்ளி, கமா எதுவும் இல்லாமல் ஒரே ஓட்டமாக இருந்தது. 'அக்கா கூப்பிட்டது மூணு தடவை இல்லை நாலு தடவை நாலாவது தடவை அவள் கூப்பிட்டது தங்கச்சியை இல்லை.' அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. அலுவலகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது படித்தேன், டம்ளரை மேசையில் வைத்தேனா கீழே விட்டேனா என்று நினைவில்லை, பக்கத்து சீட் மரகதம் துணி கொண்டுவந்து துடைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "என்ன மேடம், வீட்டுல ஏதாவதா?" ஆமாம் மரகதம், வீட்டில்தான், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால். ஏனென்றால் நாலுதான். கதையில் மூன்று என்று போட்டேன், கதைகளில் எல்லாம் மூன்று மூன்றாகத்தானே வரும். ஆனால் நாலு. அது எனக்கு மட்டும் தெரியும். எனக்கும் ஹெப்சிக்கும். ஹெப்சி செத்துப்போய்விட்டாள்.

ஹெப்சிபா. என் அக்கா. பதினேழு வயது. இழுப்பு உண்டு அவளுக்கு, மார்கழியில் அதிகமாகும், புகை ஆகாது, நெடி ஆகாது. அது மே மாதம், பள்ளிக்கூட லீவு, பாளையங்கோட்டையில் அந்தப் பழைய வீடு, மொட்டைமாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேகம் கறுத்தது. "பியூலா, மழை வருது, மிளகாய அள்ளிட்டு வா" என்று அம்மா சொன்னது என்னைத்தான். என்னை. வாடகை நூலகத்தில் எடுத்த ராஜகுமாரன் கதை ஒன்றை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன், மறுநாள் திருப்பித் தர வேண்டும், முப்பது பக்கம்தான் பாக்கி. "அக்காவப் போகச் சொல்லு" என்றேன். அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, "சோம்பேறி" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்த அடி இப்போதும் இருக்கிறது, வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, சில நாள் குளிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சூடாக விழும். காய்ந்த மிளகாயைக் காற்றில் அள்ளினால் நெடி எப்படி ஏறும் என்று பதிமூன்று வயதில் தெரியாதா? தெரியும். அவளுடைய இன்ஹேலர் என் தலைமாட்டு ஜன்னலில் இருந்தது. எட்டினால் கைக்கு வரும். முதல் தடவை, "பியூலா." சாக்கு பிடிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை, "பியூலா." குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ராஜகுமாரன் ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறான், திறந்தால் உள்ளே என்ன என்று அடுத்த பக்கத்தில். தெரிந்துகொண்டு போகலாம். மூன்றாவது தடவை பேர் முழுசாக வரவில்லை, பியூ என்று நின்றுவிட்டது, பின்னால் ஒரு விசில் சத்தம், அந்த விசில் எனக்கு நன்றாகத் தெரிந்த விசில். எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், இது உண்மை, இதை யாருமே எனக்காகச் சொல்ல மாட்டார்கள், நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கால் தரையில் பட்டது. அப்போதுதான் நாலாவது தடவை. "அம்மா." அப்பாடா என்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள், அம்மா போவாள், என் வேலை முடிந்தது. மறுபடியும் படுத்தேன். கதவு திறந்தது, உள்ளே ஒரு தோட்டம்.

தோட்டத்துக்குப் பிறகு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்தை யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மழை விழுந்ததும் அம்மாதான் மேலே ஏறினாள், மிளகாய்க்காக. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன், எந்த அத்தியாயத்திலும். மறுநாள் வீடு நிறைய ஆட்கள், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி டீச்சர்கள், பாய் விரித்து உட்கார்ந்திருந்த அத்தைகள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர், "பிள்ளை கூப்பிடலையா? ஒரு சத்தங்கூடக் கேக்கலையா?" அம்மா சொன்னாள், "தையல் மெஷின் ஓடிட்டு இருந்துச்சு, அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல." என்னைப் பார்த்தார்கள். "தூங்கிட்டேன்" என்றேன். எவ்வளவு சின்ன வார்த்தை. அதற்குப் பிறகு அதை மாற்றிச் சொல்ல ஒரு நாள்கூட வாய்க்கவில்லை, அப்பா சாகும்போதும் சொல்லவில்லை, கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவோடேதான் இருக்கிறேன், என் வீட்டுக்காரர் சாம்ராஜிடமும் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷமாக நான் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படியிருக்க இந்த 40716 யார்? மூன்று வாரமாக இதுதான். அலுவலகத்தில் மனுவைப் பதியும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, இட்லித் தட்டில் எண்ணெய் தடவும்போது. பக்கத்து வீட்டில் அப்போது யாராவது மாடியில் நின்றிருப்பார்களோ? பக்கத்து வீடு பூட்டியிருந்தது, அவர்கள் நாசரேத்துக்குப் போயிருந்தார்கள். எதிர்வீடு தள்ளி இருக்கிறது. சும்மா ஒரு விளையாட்டுக்கு எழுதியிருக்கலாம், நாலு என்பது ஒரு எண்தானே. ஆனால் தங்கச்சியை இல்லை என்று எப்படி? படித்தவள் நான், மெழுகுவர்த்தி அணைந்தால்கூடக் காற்று என்றுதான் நினைப்பேன், ஆனாலும் போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு காரியம் செய்தேன், யாரிடமும் சொல்லக் கூடாது, 40716 என்ற எண்களுக்குள் அவள் பிறந்த தேதி இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். இல்லை. இல்லை என்றதும் ஆறுதலாக இல்லை. ஏமாற்றமாக இருந்தது. அதுதான் பயம். அவளாக இருக்கக் கூடாது என்று பயப்படவில்லை நான், அவளாக இருக்க மாட்டாளா என்று இருந்திருக்கிறேன்.

எதிர் பெஞ்சில் ஒருத்தர் டோக்கனை விரலில் சுருட்டிக்கொண்டே தூங்கி விழுகிறார். ஸ்பிரிட் வாசனை. சத்தமில்லாத டிவியில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள். பதினொன்று ஐம்பது. அம்மா இப்போது மேசையில் படுத்திருப்பாள். கேட்டுவிட்டால் என்ன. மூன்று வாரமாக அந்த ஒரு கருத்துக்கு மட்டும் நான் இதயம் போடவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை. இந்த வெளிச்சத்தில், இத்தனை ஆட்களுக்கு நடுவில் கேட்டால் என்ன. எழுதினேன், 'நீங்கள் யார்?' அனுப்பினேன். மடியில் டிங் என்றது. என் போன் இல்லை, என் போன் கையில் இருக்கிறது, பைக்குள். அம்மாவுக்கு யாராவது செய்தி அனுப்பியிருப்பார்கள், சபையில் மாதர் சங்கம் அனுப்பும் வசனமாக இருக்கும். ஆமாம், வசனம்தான். எதிர் பெஞ்சுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மறுபடியும் எழுதினேன், 'சொல்லுங்கள்.' விரலைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினேன். டிங். பையின் வாயைப் பிரித்தேன். கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வெளிச்சம். 'நீலாம்பல் உங்கள் கருத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார்.' இரண்டு வரி, ஒன்றுக்குக் கீழ் ஒன்று. அம்மா எப்படிப் படிப்பாள், அம்மாவுக்கு எழுத்தே தெரியாதே இப்போது, என்றுதான் முதலில் தோன்றியது, மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சின்னக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறது. அந்தச் செயலியில் வாசித்துக் காட்டும் குரல் இருக்கிறது. கருத்தையும் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும், அதனால்தான் புள்ளி இல்லை, கமா இல்லை. சரி. அது சரி. அப்புறம் பெரிய கேள்வி வந்தது, மெதுவாக, மாடிப்படியில் இறங்கி வருவது போல. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காத அம்மா எப்படி நாலு எண்ணினாள்?

"செல்வபாய் கூட வந்தவங்க யாரு?"

அம்மாவின் பெயரைக் கேட்டதும் நான்தான் என்று எழுந்தேன். அம்மாவைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுவந்தார்கள், வலது கண் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடி, சுற்றிலும் ஒட்டு. அரை மணி நேரம் உட்கார வைத்து டீயும் ரொட்டியும் கொடுங்கள், பிறகு டாக்டர் ஒரு தடவை பார்ப்பார் என்றார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து கையால் என் முழங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"பியூலாதான?"

"ம்."

"முடிஞ்சிட்டுட்டி. வலியே இல்ல. வெள்ளையா ஒரு வெளிச்சம், அதுக்குள்ள தண்ணி ஓடுற மாதிரி. அவ்வளவுதான்."

டீயை ஊதிக் கையில் கொடுத்தேன். குடிக்க விட்டிருக்கலாம். அறுபத்துநாலு வயது, காலையிலிருந்து பட்டினி, கண்ணைக் கீறியிருக்கிறார்கள். விடவில்லை. "உன் போன்ல ரெண்டு பதில் வந்திருக்கும்மா" என்றேன். டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பிறகு போய்விட்டது, ஒரு வாய் குடித்தாள்.

"நீலாம்பலா?"

"எப்ப இருந்து?"

"ஆறு மாசம் இருக்கும். ஒண்ணும் தைக்க முடியல, படிக்க முடியல, நாள் போக மாட்டேங்குது. மேல்வீட்டுப் பிள்ளை போட்டுக் குடுத்துச்சு. ஒரு பொண்ணு படிக்குது பாரு, நல்லாத்தான் படிக்குது, அழுற எடத்துலதான் கடகடன்னு படிச்சிரும்."

"நான்தான் எழுதுறேன்னு எப்படித் தெரியும்?"

"வெதுவெதுன்னு எண்ணெயில கற்பூரத்தப் போட்டு அக்கா நெஞ்சுல தேய்ப்பாங்கன்னு எழுதியிருக்கியே. எந்த அரண்மனையிலட்டி அப்படித் தேய்ப்பாவ?"

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எதிர் பெஞ்சுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போன பிறகு பெஞ்ச் காலியாக இருந்தது.

"நான் தூங்கலம்மா."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். உன் கட்டில் கிரீச்சுன்னு ஒரு தடவை சத்தம் போட்டுச்சு. நீ எந்திரிச்சிட்டன்னு நினைச்சேன்."

"மெஷின்..."

"நிறுத்தியிருந்தேன். நூல் அந்து போச்சு. ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தேன்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உன்னைய மூணு தடவை கூப்பிட்டா. நீ போவன்னு இருந்தேன். கட்டில் சத்தமும் கேட்டுச்சா, சரி நீ போறன்னு. அப்புறம் என்னைய ஒரு தடவை கூப்பிட்டா. இந்தா, இத நொழச்சிட்டுப் போவோம்னு நொழைக்கிறேன், ரெண்டு தடவை தப்பிப் போச்சு. மூணாவது தடவை நொழஞ்சிட்டு. அதுக்குள்ள சத்தம் நின்னு போச்சு. நின்னு போச்சுன்னதும் நீ போய்ச் சேந்துட்டன்னு நினைச்சி, மிச்சம் இருந்த ஜாக்கெட் கைய அடிச்சி முடிச்சேன்."

"நான், நீ போயிட்டன்னு..."

"தெரியும்ட்டி." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, மூடிக்குக் கீழே ஈரம் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் அழவில்லை. இருபத்துநாலு வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம், ஒருத்திக்குக் கேட்டது இன்னொருத்திக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கிறோம். லேசாகும் என்று நினைத்திருந்தேன், சொல்லிவிட்டால். லேசாகவில்லை. பாரம் அப்படியேதான் இருக்கிறது, மறுமுனையை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிகிறது.

ரொட்டியை டீயில் தோய்த்துத் தந்தேன். பாதி தின்றுவிட்டு அம்மா கேட்டாள், "கதைக்கு ரெண்டாம் பாகம் இருக்காமே?"

"யார் சொன்னா?"

"நேத்து அந்தப் பிள்ளைங்க எழுதினதெல்லாம் போட்டுக் கேட்டேன். பொன்னிலாவ உசிரோட கொண்டுட்டு வாங்க, கொண்டுட்டு வாங்கன்னு ஒரே சத்தம். பனி நாட்டுல செத்தவங்க திரும்பி வரலாம்லா, நீதான அப்படி எழுதியிருக்க."

"ம்."

"கொண்டுட்டு வந்துராதட்டி."

"ஏம்மா?"

மூடாத கண்ணை என் பக்கம் திருப்பினாள். அதற்கு நான் ஒரு கலங்கல்தான். "வந்து எம்முன்னால நின்னா, அவகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

நர்ஸ் சொட்டு மருந்து எழுதிய சீட்டோடு வந்து, இது நாலு வேளை, இது ரெண்டு வேளை, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் தலையாட்டினேன். அம்மா என் பதிலுக்காக இன்னும் முகத்தை என் பக்கமே வைத்திருந்தாள். இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை நான் நேற்று ராத்திரியே எழுதி முடித்துச் செயலியில் ஏற்றிவிட்டேன். அதில் அவள் வந்துவிட்டாள். உடம்பெல்லாம் ஈரமாக, வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.